இரண்டாவது காப்பாளன்

வல்வெட்டித்துறையில் நான் கற்பிக்கும் பாடசாலை சிறியது. பிள்ளைகளும் குறைவு. ஆனாலும் இது வல்வெட்டித்துறை. இங்கே பிள்ளை நடக்கப் பழகும்போதே பந்தும் காலுக்குள் வந்துவிடுகிறது. ஆகவே எங்கள் உதைபந்தாட்ட அணிக்குப் பதினொருவர் போக இன்னும் நாலைந்து பேர் கரையில் நிற்பார்கள். அவர்களில் ஒருவன் இரண்டாவது கோல் காப்பாளன். இரண்டு வருடங்களாக அவன் கரையில்தான் நின்றான். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோவான். மற்றவர்களின் செருப்புகளைக் காவல் காப்பான். பயிற்சி முடிந்து எல்லோரும் போனபின் வேலியோரம் போன பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு வருவான். எங்கள் முதற் காப்பாளன் உயரமானவன், கெட்டிக்காரன், ஒருநாளும் காய்ச்சல்கூட வராதவன்.

வலயமட்டப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில் முதற் காப்பாளன் மணலில் சைக்கிள் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அன்று பின்னேரம் மற்றவன் வகுப்பறை வாசலில் வந்து நின்றான்.

"சேர், ஒண்டு கேக்கலாமே?"

"கேள்."

"அவனுக்குக் கை முறிஞ்சிட்டுது எண்டு சொன்னோடன எனக்கு முதல் வந்தது சந்தோசம்தான். பிறகுதான் கவலை வந்தது. அது பாவமே சேர்?"

அவன் சைவப் பிள்ளை. இந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்கு வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், கோயிலில் ஐயர் இருக்கிறார். ஏன் என்னிடம் வந்தான் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியூர்க்காரர், ஊரில் ஒருவருக்கும் சொல்லமாட்டார் என்று நினைத்திருக்கலாம். நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. "முதல்ல போய் விளையாடு, பிறகு கதைப்பம்" என்றேன். அவன் போய் விளையாடினான். இரண்டு கோல் வாங்கினான், மூன்றைத் தடுத்தான், நாங்கள் தோற்றோம். அடுத்த தவணையில் முதற் காப்பாளனின் கை சுகமாகி அவன் தன் இடத்துக்கு வந்தான். இவன் திரும்பவும் தண்ணீர்ப் போத்தலோடு கரைக்குப் போனான். "பிறகு கதைப்பம்" என்று நான் சொன்னது அப்படியே கிடந்தது. ஆசிரியத் தொழிலில் நாங்கள் அதிகம் சொல்லும் பொய் அதுதான்.

அந்தக் கேள்வியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனபோது ஞாபகத்துக்கு வந்தவர் ஒரு கிரிக்கெட் வீரர், பரத் ரெட்டி. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. எங்கள் வீட்டில் தெரியும், ஆனால் நல்லவிதமாக அல்ல. வாப்பா ஸெய்யித் கிர்மானியின் ரசிகர். 1979இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் கிர்மானியைச் சேர்க்காமல் விட்டார்கள். அந்த அநியாயத்தை வாப்பா பல வருடங்களுக்குப் பின்னரும் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலிருந்து நேற்று நடந்ததுபோல் சொல்லுவார். அவரைப் பொறுத்தவரை பரத் ரெட்டி என்றால் மற்றவனுடைய கதிரையில் ஏறி உட்கார்ந்தவர். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நம்பினேன்.

வளர்ந்த பிறகு கணக்கை எடுத்துப் பார்த்தேன். பரத் ரெட்டி 1954இல் சென்னையில் பிறந்தவர், தமிழ்நாட்டு அணியின் விக்கெட் காப்பாளர். 1978இல் பாகிஸ்தானுக்குப் போன இந்திய அணியில் கிர்மானிக்கு அடுத்த ஆளாகப் போனார். 1979இல் இங்கிலாந்தில் நான்கு டெஸ்ட் ஆட்டங்களிலும் அவரே விக்கெட்டுக்குப் பின்னால் நின்றார். அணித் தலைவர் வெங்கட்ராகவனும் தமிழ்நாட்டுக்காரர். இரண்டையும் சேர்த்து வைத்து வாப்பாவைப் போன்றவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த நான்கோடு அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்தது. மொத்தம் 38 ஓட்டங்கள், 9 பிடிகள், 2 ஸ்டம்பிங். ஒருநாள் ஆட்டங்கள் மூன்று. அதே ஆண்டு அணி ஊர் திரும்பி அவுஸ்திரேலியாவுடன் ஆடத் தொடங்கியபோது கிர்மானி தன் இடத்துக்கு வந்துவிட்டார். பிறகு 1980இன் கடைசியில் அவுஸ்திரேலியாவுக்குப் போன அணியில் ரெட்டி மறுபடியும் இரண்டாவது ஆள்.

அவருடைய முதல் டெஸ்டை நினைத்துப் பாருங்கள். எட்பாஸ்டன் மைதானம். இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 633 ஓட்டங்கள் எடுத்து நிறுத்தியது. கவர் ஆட்டமிழக்காமல் இருநூறு, பொய்கொட் 155. விழுந்த ஐந்து விக்கெட்டும் கபில் தேவுக்கு. விக்கெட் காப்பாளன் என்பவன் ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழும்ப வேண்டியவன். பந்து துடுப்பில் பட்டாலும் படாவிட்டாலும் அது தன்னிடம் வரும் என்ற நினைப்போடே குந்த வேண்டும். எத்தனையோ மாதம் காத்திருந்து கிடைத்த இடத்தில், 633 ஓட்டங்கள் எடுபடும்வரைக்கும் குந்தி எழும்பிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். இந்தியா இன்னிங்ஸ் தோல்வி கண்டது.

கடைசி டெஸ்ட் ஓவலில். அதை வாப்பா வானொலியில் கேட்டவர். வெற்றிக்கு 438 ஓட்டங்கள் வேண்டும். கவாஸ்கர் 221 எடுத்தார். ஆட்டம் முடிந்தபோது இந்தியா 8 விக்கெட்டுக்கு 429. ஒன்பது ஓட்டம் குறைவு. வாப்பா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கவாஸ்கரைச் சொல்லுவார், விஸ்வநாத்தைச் சொல்லுவார், பிந்தி அனுப்பிய ஆட்களைத் திட்டுவார். அந்தக் கடைசி நேரத்தில் மைதானத்தில் நின்றவர் யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒருபக்கம் கர்சன் காவ்ரி, 3 ஓட்டங்கள். மறுபக்கம் பரத் ரெட்டி, ஆட்டமிழக்காமல் 5. அவருடைய டெஸ்ட் வாழ்வின் கடைசிப் பொழுது அது. ஆட்டமிழக்காமலே முடிந்துவிட்டது. இதை அறிந்தபோது எனக்கு வாப்பா மீது சற்றுக் கோபம்கூட வந்தது.

இன்னொன்றையும் வாப்பா சொன்னதில்லை. கிர்மானியும் ஒரு காலத்தில் கரையில் நின்றவர்தான். அவரும் 1949இல் சென்னையில்தான் பிறந்தார், ஆடியது கர்நாடகத்துக்கு. 1971இலும் 1974இலும் இங்கிலாந்துக்குப் போய் ஃபரூக் எஞ்சினியருக்குப் பின்னால் ஒரு டெஸ்டும் ஆடாமல் திரும்பி வந்தார். 1976 ஜனவரியில்தான் அவருடைய முதல் டெஸ்ட், ஒக்லண்டில். அதன்பின் 88 டெஸ்ட் ஆடினார். அதே 1971இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த கிருஷ்ணமூர்த்தி என்றொரு காப்பாளர் மேற்கிந்தியத் தீவுகளில் ஐந்து டெஸ்டும் ஆடினார். இந்தியா முதன்முதலாக மேற்கிந்திய அணியைத் தொடரில் வென்றது அப்போதுதான். அடுத்து இங்கிலாந்துக்குப் போனபோது டெஸ்ட் ஆட்டங்களுக்கு எஞ்சினியர் வந்தார். கிருஷ்ணமூர்த்திக்கு ஆறாவது டெஸ்ட் கிடைக்கவே இல்லை. ஆக, கிர்மானி, ரெட்டி, கிருஷ்ணமூர்த்தி மூவரும் ஒரே கதிரைக்குக் காத்திருந்தவர்கள். ஒருவருக்கு 88, ஒருவருக்கு 4, ஒருவருக்கு 5. திறமையில் வித்தியாசம் இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 88க்கும் 4க்கும் இடையிலிருக்கும் வித்தியாசம் முழுவதும் திறமையால் வந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

துடுப்பாட்டக்காரனுக்கு ஓர் ஆறுதல் உண்டு. அணியில் ஆறு இடம் இருக்கிறது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. பந்துவீச்சாளருக்கும் அப்படியே. விக்கெட் காப்பாளனுக்கும் கோல் காப்பாளனுக்கும் ஒரே ஓர் இடம்தான். அந்த இடத்தில் நிற்பவனுக்கு ஏதாவது நடந்தால்தான் மற்றவனுக்கு வழி. கை முறியவேண்டும், காய்ச்சல் வரவேண்டும், ஆட்டம் கெடவேண்டும், அல்லது தெரிவாளர்களுக்குப் புத்தி மாறவேண்டும். அவனுடைய கெடுதி என்ற வாசல் வழியாகத்தான் இவனுடைய நன்மை உள்ளே வரமுடியும். எங்கள் பையன் கேட்ட கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இந்த ஊரில் பாய்க்கப்பல் கட்டினார்கள். இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, இவ்வூர் மாலுமிகள் அதை 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை ஓட்டிப் போனார்கள். தூரக்கடல் போகிறவன் ஓர் உதிரிப் பாயையும் சுருட்டி வைத்துக்கொண்டுதான் போவான். கட்டிய பாய் கிழிந்தால் அது ஏறும். கிழியாவிட்டால் சுருட்டியபடியே ஊர் திரும்பும். உதிரிப் பாய்க்குத் துக்கமும் இல்லை, மற்றப் பாய் கிழியவேண்டும் என்ற ஆசையும் இல்லை. மனிதனைச் சுருட்டி வைத்தால் அவனுக்குள் என்னென்னவோ எழும்புகிறது.

அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்த நாட்டில் பேஸ்போல் என்ற ஆட்டம் உயிர். அங்கே ஆர்ச்சிபால்ட் கிரஹாம் என்று ஒருவர், 'மூன்லைட்' கிரஹாம் என்று பட்டப்பெயர். 1905 ஜூன் 29 அன்று நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணிக்காக புரூக்ளின் அணியோடு நடந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் வலதுபுறக் காவலுக்கு இறக்கப்பட்டார். அடுத்துத் துடுப்பெடுக்க வேண்டியவர் அவர்தான். தன் முறைக்குக் காத்து நின்றபோது முன்னால் ஆடியவர் ஆட்டமிழக்க, அந்தச் சுற்று முடிந்துவிட்டது. பெரிய அணிகளின் ஆட்டம் ஒன்றில் அவர் பிறகு இறங்கவே இல்லை. ஒரேயோர் ஆட்டம், துடுப்பெடுக்காமலே முடிந்தது. அவர் வைத்தியரானார். மினசோட்டாவில் சிஷம் என்ற சுரங்க ஊரில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வைத்தியராகப் பல்லாண்டு இருந்து 1965இல் இறந்தார். பின்னர் ஒரு நாவலும் 1989இல் ஒரு திரைப்படமும் அவரை உலகறியச் செய்தன. படத்தில் அவருக்கு அந்த ஒரு முறையைக் கொடுக்கிறார்கள். பார்ப்பவர்களுக்குக் கண் கலங்கும். எனக்குக் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனால் ஓர் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆயுள் முழுவதும் வைத்தியம் பார்த்தவரை, ஒரு பந்தை அடிக்காமல் போனவராகத்தானே உலகம் நினைவு வைத்திருக்கிறது. அது என்ன நியாயம்?

1983இல் உலகக் கிண்ணம் வென்ற இந்திய அணியில் சுனில் வால்சன் என்ற இடதுகை வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். பதினான்கு பேரில் ஒருவர். இந்தியா எட்டு ஆட்டம் ஆடியது. அவர் ஒன்றிலும் இறங்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும்கூட இந்தியாவுக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை. கிண்ணத்தோடு எடுத்த படத்தில் இருக்கிறார். அவரை உலகக் கிண்ணம் வென்றவர் என்று சொல்லலாமா? எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் இதைப் போட்டேன். கணித ஆசிரியர் "சொல்லேலாது" என்றார், ஒரே வார்த்தையில். விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர் "அவர் வலையிலை பந்து போட்டிருக்காட்டி மற்றவை எப்பிடிப் பழகியிருப்பினம்?" என்று கேட்டார். மணி அடித்துவிட்டது.

இஸ்லாமிய வரலாற்றை ஓரளவு வாசித்தவர்களுக்கு இந்த இடத்தில் உஸ்மான் (ரழி) அவர்கள் நினைவுக்கு வரவேண்டும். ஹிஜ்ரி 2இல் பத்ர் போர். நபி (ஸல்) அவர்களின் மகளும் உஸ்மானின் மனைவியுமான ருகையா (ரழி) அப்போது நோயுற்றிருந்தார். அவரைப் பராமரிக்க உஸ்மானை மதீனாவில் நிற்கும்படி நபியவர்கள் பணித்தார்கள். போர் முடிந்து பங்கு பிரித்தபோது களத்தில் நின்றவருக்குரிய பங்கும் கூலியும் உஸ்மானுக்கும் உண்டு என்றார்கள். பத்ரில் இல்லாதவர் பத்ரில் கலந்துகொண்டவராகக் கணக்கிடப்பட்டார். அவர் நின்றது சும்மா அல்ல, பணிக்கப்பட்ட இடத்தில் நின்றார். தபூக்கிலிருந்து திரும்பும் வழியிலும் நபியவர்கள் இதையொத்த ஒன்றைச் சொன்னார்கள். தக்க காரணத்தால் மதீனாவில் தங்கிப் போனவர்கள், நீங்கள் கடந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் உங்களோடு இருந்தார்கள் என்பது அதன் கருத்து. ஆகவே வால்சன் விடயத்தில் நான் விஞ்ஞான ரீச்சரின் பக்கம்.

ஆனால் பையன் கேட்டது கூலியைப் பற்றி அல்ல. தனக்குள் வந்துபோன அந்தச் சந்தோசத்தைப் பற்றிக் கேட்டான்.

அரபியில் இரண்டு சொற்கள் உண்டு. ஹஸத், கிப்தா. மற்றவனிடமிருக்கும் நிஃமத்து அவனை விட்டு நீங்கவேண்டும் என்று விரும்புவது ஹஸத். அவனிடம் இருக்கட்டும், அதுபோல் எனக்கும் கிடைக்கட்டும் என்று விரும்புவது கிப்தா. முதலாவது கூடாது, இரண்டாவது ஆகும். மத்ரஸாவில் இதை மனப்பாடம் செய்தோம். கேட்க எவ்வளவு சுலபம்! ஆனால் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது என்றால்? அவனிடமும் இருந்து எனக்கும் கிடைப்பதற்கு அங்கே வழியே இல்லையே. கோல் கம்பங்களுக்கு நடுவே இரண்டு பேர் நிற்க முடியாது. அங்கே கிப்தா எப்படி?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இதை அறியாதவரல்லர். இஹ்யாவில் பொறாமையைப் பற்றிச் சொல்லும் பகுதியில், ஒரே நோக்கத்துக்காக நெருக்குப்படுகிறவர்களிடையேதான் அது அதிகம் என்கிறார். ஒரு கணவனின் மனைவியர், பெற்றோரின் அன்புக்குப் போட்டியிடும் சகோதரர், ஓர் ஆசானின் மாணவர் என்று அவர் காட்டும் உதாரணங்களெல்லாம் இடம் குறுகிய இடங்கள். அல்லாஹ்வைப் பற்றிய அறிவில் இடம் குறுகுவதில்லை, ஆகவே அங்கே பொறாமைக்கு வேலையில்லை என்பது அவருடைய வாதம். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னோர் இடம். மற்றவனுடைய நிஃமத்து நீங்கும்போது மனம் இலேசாவது இயற்கை, அதிலிருந்து மனிதன் தப்புவது அரிது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். பிறகு ஒரு சோதனை வைக்கிறார். அதை நீக்கும் அதிகாரம் உன் கையில் தரப்பட்டால் நீக்குவாயா? நீக்குவாய் என்றால் நீ பொறாமைக்காரன். இறையச்சம் உன்னைத் தடுக்கும் என்றால், மனம் இலேசானதை நீயே உன் அறிவாலும் மார்க்கத்தாலும் வெறுக்கிறாய் என்றால், அந்த இலேசு மன்னிக்கப்படும்.

எங்கள் பையன் சைக்கிளைத் தள்ளிவிடவில்லை. தள்ளிவிடவும் மாட்டான். சந்தோசம் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். கஸ்ஸாலியின் சோதனையில் அவன் சித்தியெய்திவிட்டான். அன்றே இதைச் சொல்லியிருக்கலாம்.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. சோதனையை நான் எனக்கு வைத்துப் பார்த்தேன்.

அதற்கு வரமுன் வியாஸ்காந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். யாழ் மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில், பதினெட்டு வயதில், லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடினார். அவர் வீழ்த்திய முதல் விக்கெட் அஞ்சலோ மெத்யூஸ். 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்குப் போனார், காயப்பட்ட வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக. சில ஆட்டங்கள் ஆடினார். யாழ்ப்பாணத்தில் அன்று பஸ்ஸிலும் தேநீர்க் கடையிலும் அதே கதை. நானும் பாடசாலையில் பிள்ளைகளோடு சேர்ந்து கை தட்டினேன். ஹசரங்கவின் குதிக்காலைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. அந்தப் பையனில் ஒரு குற்றமும் இல்லை, அழைத்தார்கள், போனார். எங்கள் கைதட்டலைப் பற்றித்தான் சொல்கிறேன். ஒரு முழுக் குடாநாடும் சேர்ந்து சந்தோசப்படும்போது அந்தச் சந்தோசம் எந்த வாசலால் வந்தது என்று பார்க்கிற வழக்கம் நமக்கு இல்லை.

என் கதை சிறியது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. உம்மா ஒரு பையில் உடுப்புகளை எடுத்தார். வாப்பா கடை உறுதியையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் மறந்துவிட்டார் என்று புத்தளத்துக்குப் போனபின்தான் தெரிந்தது. அந்தக் கடதாசிகள் இல்லாததால் பட்ட அலைச்சலை நான் இங்கே விரிக்கப் போவதில்லை, நம் வாசகர்களில் பலருக்கு அது தெரிந்த கதை. பாடசாலையில் சேர்வதற்கு, அடையாள அட்டைக்கு, பரீட்சைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கந்தோர், ஒரு சமாதான நீதவான், ஒரு சத்தியக்கடதாசி.

2010இல் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு விண்ணப்பித்தேன். பெயர் முதற் பட்டியலில் வரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. நானும் ஒரு சுருட்டிய பாய். இரண்டு மாதம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கடிதம் வந்தது, ஓரிடம் வெற்றாகியிருக்கிறது, வந்து சேரவும் என்று. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். உம்மா அயலுக்கெல்லாம் சீனி போட்டு மாவுருண்டை கொடுத்தார். கலாசாலையில் சேர்ந்து சில வாரங்களுக்குப் பின்னர், உணவகத்தில் தேநீர் குடிக்கும்போது, எழுதுவினைஞர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த இடம் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து முகாமிலிருந்த ஒருவருடையது. மூலச் சான்றிதழ்களைக் குறித்த திகதிக்குள் காட்டமுடியவில்லை. 2009இல் எல்லாம் போய்விட்டது. அவகாசம் கேட்டாராம். கொடுக்கவில்லை.

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். அதுதான் உண்மை. நெஞ்சில் ஏதோ குத்தியது, பிறகு வகுப்புக்குப் போனேன். அன்று பாடம் பிள்ளை உளவியல்.

கஸ்ஸாலியின் சோதனையில் நானும் சித்தியெய்துவேன். அவருடைய சான்றிதழை நான் எரிக்கவில்லை. அதிகாரம் என் கையில் இருந்திருந்தால் அவருக்கு அவகாசம் கொடுத்திருப்பேன் என்றே நம்புகிறேன். ஆனால் இமாமவர்கள் வைத்த கேள்வி இடம் வெற்றாகும் நேரத்துக்குரியது. அதற்குப் பின்னால் வரும் பதினைந்து வருடங்களுக்கு வேறு கேள்வி வேண்டும் என்று எனக்குப் படுகிறது. கடதாசி இல்லாமல் நிற்பது என்னவென்று அந்தக் கலாசாலையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. அறிந்த நானே தேநீரைக் குடித்து முடித்தேன் என்றால், அறியாதவர்களை என்ன சொல்வது?

இதற்கு நூல்களில் தேடியபோது அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களிடம் வந்து நின்றேன். அவர் இரண்டு தடவை மற்றவர் இடத்தில் நின்றவர். தபூக் பயணத்தில் ஒரு ஸுப்ஹு வேளை நபி (ஸல்) வரத் தாமதமானது. மக்கள் அவரை முன்னிறுத்தித் தொழ ஆரம்பித்தார்கள். நபியவர்கள் வந்து அவருக்குப் பின்னால் நின்று தொழுது, தவறிய ரக்அத்தைப் பின்னர் எழுந்து நிறைவேற்றினார்கள். உரியவர் வந்து பதிலாளுக்குப் பின்னால் நின்ற காட்சி அது. மற்றது ஹிஜ்ரி 23இல், கி.பி. 644இல். ஸுப்ஹுத் தொழுகையில் கலீஃபா உமர் (ரழி) குத்தப்பட்டார்கள். விழுந்த நிலையிலும் அருகிலிருந்த அப்துர் ரஹ்மானின் கையைப் பிடித்து முன்னே விட்டார்கள். அவர் சுருக்கமாகத் தொழுவித்து முடித்தார். இமாமுக்கு நேர் பின்னால் விளக்கமுள்ளவர்கள் நிற்கவேண்டும் என்பதற்கு உலமாக்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று இதுதான்: இமாமுக்கு ஏதும் நேர்ந்தால் அவர்களில் ஒருவர் முன்னே போகவேண்டும். நம் பள்ளிகளில் அந்த இடத்துக்கு மின்விசிறியைப் பார்த்து முண்டியடிப்பது வேறு விடயம்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அடுத்த கலீஃபாவைத் தெரிவுசெய்ய உமர் (ரழி) ஆறு பேரைக் குறித்திருந்தார்கள். அப்துர் ரஹ்மான் அவர்களில் ஒருவர். அவர் தன் உரிமையை விட்டார். எனக்கு வேண்டாம், உங்களில் ஒருவரைத் தெரிவுசெய்யும் பொறுப்பை என்னிடம் தாருங்கள் என்ற கருத்தில் பேசினார். பிறகு மதீனாவில் ஆளாளாகப் போய் விசாரித்தார், இரவுகளில் உறங்காமல். தெரிவானவர் உஸ்மான் (ரழி), பத்ரில் களத்துக்கு வராமலே பங்கு பெற்ற அதே உஸ்மான். அப்துர் ரஹ்மான் வெற்றிடத்துக்கு மிக அருகில் நின்றவர். தொழுகையில் அந்த இடத்தில் ஏற்கெனவே நின்றும்விட்டார். எங்கள் ஊர்க் கணக்கில் பார்த்தால் காலை எடுத்து வைப்பதுதான் மிச்சம். அவர் காலை எடுத்து வைக்காமல் வீடு வீடாகப் போய்க் கேட்டார். நான் தேநீரைக் குடித்து முடித்த இடத்தில் அவர் எழும்பிப் போயிருப்பார்.

இடத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கொடுக்கமுடியாது, நான் விலகியிருந்தால் பட்டியலில் அடுத்த பெயருக்குத்தான் போயிருக்கும். ரெட்டி "மாட்டேன்" என்றிருந்தால் கிர்மானியையா கூப்பிட்டிருப்பார்கள்? அழைக்கப்பட்டவன் போகத்தான் வேண்டும். போய் 633 ஓட்டத்துக்கும் குந்தி எழும்பத்தான் வேண்டும். ஆனால் விசாரிப்பது என்று ஒன்று இருக்கிறதே.

சென்ற மாதம் ஒரு பின்னேரம், பயிற்சி முடிந்து அந்தப் பையன் வேலியோரம் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது போனேன். அவன் இப்போது தரம் 11. "நீ கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லேல்லை" என்றேன். எதைக் கேட்டான் என்று அவனுக்கு ஞாபகமில்லை; பிறகு வந்தது, வெட்கப்பட்டுச் சிரித்தான். கஸ்ஸாலியின் சோதனையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். பிறகு, சொல்லவேண்டுமென்று நினைக்காமலே, கலாசாலைக் கடிதத்தின் கதையையும் சொன்னேன்.

கை முறிந்த நாட்களில் முதற் காப்பாளனின் வீட்டுக்குத் தான் ஒவ்வொரு நாளும் போனதாக அப்போதுதான் சொன்னான். குறிப்புகளைப் பிரதி பண்ணிக் கொடுத்தானாம். போட்டிக்கு முதல் நாள் அவன் இவனுக்குத் தன் கையுறைகளைக் கொடுத்தானாம். எனக்கு இது தெரியாது. இரண்டு வருடம் படிப்பித்தும் தெரியாது.

பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக்கட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"அந்த ஐயாவைப் பிறகு கண்டனீங்களே சேர்?"

"இல்லை."

"தேடினனீங்களே?"

பெயர் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பெயர் பட்டியலில் இருந்திருக்கும். பட்டியல் கந்தோரில் இருக்கும். கந்தோர் இங்கிருந்து இரண்டு பஸ் மாறவேண்டிய தூரம்.